உயரமான குசினி அலுமாரி: அடித்தட்டிலிருந்து உச்சித்தட்டுவரை

திருகோணமலை அன்புவழிபுரம் போல நகரை ஒட்டிய குடியிருப்புகளில் குசினியை அகலமாக்க இடம் கிடைப்பது அரிது. மேலே மட்டும்தான் இடம் மிச்சம். அதனால் 7 அடி உயரம், 2 அடி ஆழத்தில் ஒரு பென்ட்ரி அலுமாரியைச் செய்து வைத்துவிடுகிறோம். கொஞ்ச நாளில் அதற்குள்ளும் சாமான் தேட வேண்டியிருக்கிறது. உயரத்தைவிட ஆழம்தான் இதற்குப் பெரிய காரணம். முன்னால் நிற்கும் சீனிப் போத்தல் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பின்னால் போன வருஷத்துப் பயறு கிடப்பது வண்டுக்கு மட்டும்தான் தெரியும்.

திருகோணமலையில் காலநிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வருஷத்து மழையில் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்க்கிறது. கடற்காற்றின் உப்பு பிணைச்சலைத் துருப்பிடிக்க வைக்கும். ஈரம் சிப்போட் பலகையை ஊத வைக்கும். ஆகவே கச்சான் காற்று வீசும் காலத்தில், நல்ல வெயில் நாள் ஒன்றில் இந்த வேலையைத் தொடங்குங்கள்.

1. எல்லாவற்றையும் வெளியே எடுங்கள்

ஒவ்வொரு தட்டாகத் துப்புரவாக்கினால் சாமான் இடம் மாறுமே தவிர ஒழுங்கு வராது. முழுவதையும் இறக்கி மூன்றாகப் பிரியுங்கள்: தினமும் எடுப்பவை, கிழமைக்கு ஒருமுறை எடுப்பவை, பொங்கலுக்கோ விசேஷத்துக்கோ மட்டும் எடுப்பவை. காலாவதியானதையும் வண்டு விழுந்ததையும் அன்றைக்கே அகற்றுங்கள். தட்டுகளை வினாகிரி கலந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, கதவுகளை அரைநாள் திறந்து விடுங்கள். மூலைகளையும் ஆணித் துளைகளையும் தவறாமல் துடையுங்கள். வண்டின் முட்டையும் மாத்தூளும் ஒதுங்கும் இடங்கள் அவைதான்.

2. அலுமாரியைச் சுவரோடு பூட்டுங்கள்

கதவு திறந்திருக்கும்போது ஒரு பிள்ளை கீழ்த்தட்டில் கால் வைத்து ஏறினால் போதும், உயரமான அலுமாரி முன்னால் சரியும். மேல்பகுதியில் இரண்டு எல் வடிவ இரும்புகள் வைத்து, சுவரில் றோல் பிளக் அடித்து முறுக்காணியால் இறுக்குங்கள். அலுமாரிக்கும் சுவருக்கும் இடையே ஓர் அங்குலம் விடுங்கள். மழைக்காலத்தில் சுவர் குடிக்கும் ஈரம் பலகைக்கு ஏறாது. அடியில் 4 அங்குல பிளாஸ்டிக் கால்கள் இருந்தால் தரை கழுவும் தண்ணீரும் தொடாது.

3. சமைப்பவரின் கையை அளவுகோலாக வையுங்கள்

வீட்டில் சமைப்பவர்களில் உயரம் குறைந்தவரை அலுமாரிக்கு முன்னால் நிற்க வைத்து முழங்கால், இடுப்பு, தோள், உயர்த்திய கை என நான்கு இடங்களில் பென்சிலால் கோடு போடுங்கள். 5 அடி உயரமானவருக்குத் தோள் 4 அடிக்குச் சற்று மேலேயும், எட்டிப் பிடிக்கும் கை 6 அடி அளவிலும் வரும்.

- இடுப்புக்குக் கீழே பாரமானவை: அரிசி வாளி, எண்ணெய்க் கான், பெரிய சட்டி பானைகள்.
- இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே தினசரிச் சாமான்: சீனி, தேயிலை, பால்மா, மிளகாய்த்தூள், பருப்பு.
- தோளுக்கு மேலே, கை எட்டும்வரை, கிழமைச் சாமான்: உழுந்து, கடலை, கௌபி, சேமியா.
- கைக்கு எட்டாத தட்டில் பாரமில்லாதவை, உடையாதவை மட்டும்: நீத்துப்பெட்டி, சுளகு, விசேஷத்துக்கு எடுக்கும் தட்டங்கள்.

உச்சித்தட்டுக்குக் கதிரையில் ஏறாதீர்கள். இரண்டு படி ஏணி ஒன்று அலுமாரிக்குப் பக்கத்திலேயே நிற்கட்டும்.

4. தட்டுகளின் இடைவெளியை மாற்றுங்கள்

தொழிற்சாலையில் செய்த அலுமாரிகள் பலவற்றின் உட்பக்கத்தில் 32 மில்லிமீற்றருக்கு ஒன்றாகத் துளைகள் இருக்கும். முளையை மாற்றிக் குத்தினால் தட்டு ஏறும், இறங்கும். அந்தத் தட்டில் வைக்கும் ஆக உயரமான சாமானோடு 2 அங்குலம் கூட்டுங்கள். அதுவே சரியான இடைவெளி. போத்தல்களுக்கு 9 அங்குலமும் ரின் மீனுக்கு 6 அங்குலமும் போதும். ஓடாவி ஆணி அடித்துப் பொருத்திய தட்டென்றால், பின்பாதியில் மட்டும் ஒரு சின்ன உயரப் பலகை வையுங்கள். பின்வரிசை முன்வரிசையின் தலைக்கு மேலால் தெரியும். 3 அடி நீளத் தட்டில் பாரம் ஏற்றுவதென்றால் நடுவில் ஒரு தாங்கி கட்டாயம். இல்லாவிட்டால் சிப்போட் தொய்யும்.

5. ஆழத்தை இழுப்பறையாக்குங்கள்

ஒடுங்கிய நீளப் பெட்டிகளைத் தட்டில் வரிசையாக வைத்தால், ஒவ்வொன்றையும் இழுத்து எடுக்கலாம். பெட்டி இல்லாத தட்டுக்கு ஒரே விதி: பின்னால் இருப்பது முன்னால் இருப்பதன் கையிருப்பாகவே இருக்க வேண்டும். முன்னால் திறந்த பருப்புப் போத்தல் என்றால், பின்னால் திறக்காத பருப்புப் பக்கெற். வேறு எதையும் அங்கே ஒளிக்காதீர்கள்.

6. போத்தலும் மூடியும்

ஒரே அகலமுள்ள சதுரப் பேணியோடு பார்த்தால், வட்டப் பேணி தட்டின் இடத்தில் ஐந்தில் ஒரு பங்கை வீணாக்குகிறது. புதிதாக வாங்குவதென்றால் சதுரமாக வாங்குங்கள். இறப்பர் வளையம் உள்ள மூடிதான் ஈரத்துக்கும் எறும்புக்கும் தடை. உப்புக்குத் தகர மூடி வேண்டாம், துருப்பிடிக்கும்.

மா வண்டு உலகம் முழுவதும் உள்ள தொல்லை. 1926இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த பிராங்க்ஃபுர்ட் குசினியில், மாவுக்கு மட்டும் ஓக் மரப் பெட்டி வைத்தார்கள். அந்த மரத்தின் துவர்ப்பு புழுவை அண்டவிடாது என்பது கணக்கு. நமக்குச் சீனன்குடாவில் பிரீமா மாவாலையே இருக்கிறது, ஆனாலும் வண்டு விடுவதில்லை. கோதுமை மாவையும் அரிசி மாவையும் பக்கெற்றோடு 4 நாள் பிறீசரில் வைத்தெடுத்து, குளிர் முற்றாக நீங்கிய பிறகு பேணியில் கொட்டுங்கள். பழைய மாவின் மேல் புது மாவைக் கொட்டக் கூடாது. கொட்டிய திகதியை ஒட்டுத்தாளில் எழுதிப் பேணியில் ஒட்டுங்கள்.

கருவாட்டையும் மாசியையும் இறுக்கமான தனிப்பெட்டியில் இட்டு அடித்தட்டில் வையுங்கள். தேயிலை பக்கத்து மணத்தை உறிஞ்சும். அது மேலே இருக்கட்டும்.

7. உள்ளே போகக் கூடாதவை

காஸ் சிலிண்டரை அலுமாரிக்குள் பூட்டி வைக்காதீர்கள். காஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் அடியில் தேங்கி நிற்கும். மண்ணெண்ணெய், எலிமருந்து, கழுவும் மருந்துகள் சாப்பாட்டுச் சாமானோடு சேரவே கூடாது. வெங்காயமும் உருளைக்கிழங்கும் காற்றுப்படும் கூடையில் வெளியே இருக்கட்டும்.

8. வாடைக்கு முன்

செப்டெம்பர் முடிவதற்குள் பிணைச்சல்களுக்கு எண்ணெய் விடுங்கள். துருப்பிடித்ததை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக மாற்றுங்கள். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கேதான் கரையேறியது. அப்படியான இரவுகளுக்காக ரோர்ச், மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி, பிஸ்கற், ரின் மீன், ரின் வெட்டி எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு, இடுப்பு உயரத் தட்டின் ஓரத்தில் வையுங்கள். இருட்டில் தடவினாலும் கை அதில்தான் படவேண்டும்.

இந்த ஒழுங்கு நிலைப்பதும் குலைவதும் கடைக்குப் போகும் நாளில்தான். மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி வரும் மூன்றாவது பக்கெற்றுக்கு அலுமாரியில் இடமே ஒதுக்காதீர்கள். போகுமுன் பின்வரிசையை ஒருமுறை பாருங்கள். அங்கே காலியாக இருக்கும் சாமானின் பெயர் மட்டும் துண்டில் ஏறட்டும்.