தொற்றுநோயும் பள்ளி வருகையும்: தீவுகள் தரும் பாடம்

தொற்றுநோய் கண்ட குழந்தையைச் சில நாட்கள் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்திருப்பது பொதுநலம் கருதிய நடவடிக்கையாகும். ஆயினும் எந்த நோய்க்கு, எத்தனை நாட்கள், யாருடைய செலவில் என்ற மூன்று கேள்விகளுக்கும் தெளிவான விடை இல்லாதபோது, அது நோயைத் தடுக்கவும் உதவாது. குழந்தையின் கல்விக்கும் ஊறு விளைவிக்கும். இதனை ஆராய்வதற்கு அந்தமான் நிக்கோபார் தீவுகள் பொருத்தமான களமாகும்.

தீவும் தட்டம்மையும்

தட்டம்மை ஒரு மக்கட்தொகையில் இடைவிடாது நிலைத்திருக்க வேண்டுமானால், நோய் காணாத புதிய குழந்தைகள் அதற்குத் தொடர்ந்து கிடைக்க வேண்டும். ஏறத்தாழ 5 லட்சம் மக்கள் இல்லாத தீவுகளில் அந்நோய் தானாகவே மறைந்துவிடுகிறது என்பதை அமெரிக்க அறிஞர் பிரான்சிஸ் பிளாக் 1966-இல் எடுத்துக்காட்டினார். 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபாரின் மக்கட்தொகை சுமார் 3.8 லட்சம். எனவே, இத்தகைய தீவுகளில் நோய் பெரும்பாலும் கப்பலிலோ விமானத்திலோ வெளியிலிருந்து வருவதாகும்.

அவ்வாறு வந்த நோய் என்ன செய்யும் என்பதற்கு வரலாறு சான்று பகர்கிறது. 1858-இல் அந்தமானில் கைதிகள் குடியேற்றம் நிறுவப்பட்ட பின்னர், 1877-இல் பரவிய தட்டம்மை, அந்நோயை முன்பு அறிந்திராத பெரிய அந்தமானியப் பழங்குடியினரிடையே பேரழிவை விளைவித்தது. அடுத்தடுத்து வந்த பிற நோய்களும் சேர, 1901 கணக்கெடுப்பில் அவர்களுள் எஞ்சியோர் 625 பேரே.

1846-இல் வட அட்லாண்டிக்கின் பரோயே தீவுகளில் தட்டம்மை பரவியபோது, 8,000-க்கும் குறைவான மக்களுள் 6,000-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 1781-இல் அந்நோய் கண்டு பிழைத்திருந்த முதியோரை அது தீண்டவில்லை. அங்குச் சென்று ஆராய்ந்த டேனிஷ் மருத்துவர் பீட்டர் பனும், நோய் தொற்றிய நாளிலிருந்து சுமார் 14 நாட்களில் தடிப்பு தோன்றுவதைக் கண்டறிந்தார். நாட்களை எண்ணி முடிவு செய்யும் முறைக்கு இத்தகைய ஆய்வுகளே அடிப்படையாயின.

எத்தனை நாட்கள்?

தட்டம்மையில் தடிப்பு தோன்றியபின் 4 நாட்களும், பொன்னுக்கு வீங்கியில் வீக்கம் தோன்றியபின் 5 நாட்களும் குழந்தை வீட்டில் இருத்தல் வேண்டும். சின்னம்மையில் கொப்புளங்கள் அனைத்தும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரையிலும், வயிற்றுப்போக்கில் அது நின்றபின் 48 மணி நேரமும் காத்திருப்பது போதுமானது. கக்குவான் இருமலுக்கு உரிய மருந்து தொடங்கி 5 நாட்கள் கடந்தால் குழந்தை பள்ளிக்குத் திரும்பலாம். மருந்து இன்றேல் 3 வாரங்கள் தேவைப்படும்.

தமிழ்க் குடும்பங்களில் அம்மை கண்ட வீட்டின் வாசலில் வேப்பிலை செருகி, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரையில் குழந்தையை வெளியே அனுப்பாத வழக்கம் உண்டு. இது விலக்கிவைத்தலின் நோக்கத்திற்குத் துணைபுரிவதே. ஆனால், அதன் பொருட்டு மருத்துவரை நாடாதிருப்பது ஆபத்தானது.

விலக்கக் கூடாதவர்கள்

தலையில் பேன் இருப்பதற்காகக் குழந்தையைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. சொறி சிரங்குக்கு முதல் முறை மருந்து பூசிய மறுநாளே வரலாம். கூட்டு மருந்துச் சிகிச்சை பெறும் தொழுநோயாளியிடமிருந்து நோய் பரவுவதில்லை. எச்.ஐ.வி. தொற்று வகுப்பறைப் பழக்கத்தால் பரவாது. அதன் காரணமாகக் கல்வி நிலையங்களில் பாகுபாடு காட்டுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. தொடக்கக் கல்வி முடியும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்பது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் விதி. எனவே, சில நாள் விலக்கல் எவ்வகையிலும் நீக்கமாக மாறிவிடலாகாது.

விலக்கலின் செலவு

ஸ்ரீ விஜயபுரத்தை (2024 வரை போர்ட் பிளேர்) அடுத்த சிப்பிகாட்டில், 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தரை தாழ்ந்ததால் நெல்வயல்களில் கடல்நீர் புகுந்து நின்றது. அவ்வாறு நிலம் இழந்து கூலியை நம்பும் குடும்பத்தில், நோயுற்ற குழந்தையுடன் தாய் 5 நாட்கள் வீட்டிலிருந்தால் 5 நாள் கூலி இல்லை. குழந்தைக்குப் பள்ளி மதிய உணவும் இல்லை. விலக்கலின் பயன் ஊர் முழுவதற்கும் உரியது. அதன் செலவோ ஒரு வீட்டின் மீது மட்டும் விழுகிறது. காய்ச்சலை மறைத்துக் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோரின் செயலுக்கு அறியாமையைவிட இந்தச் சுமையே முதன்மைக் காரணமாகலாம். ஒரு நாளும் தவறாத வருகைக்குப் பரிசளிக்கும் பள்ளிகள், தம்மை அறியாமலே இதனை ஊக்குவிக்கின்றன.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, தடுப்பூசி. தட்டம்மை, தடிப்பு தோன்றுவதற்கு 4 நாட்கள் முன்பிருந்தே பரவுகிறது. ஆகவே, ஆசிரியர் கண்டறியும் முன்பே வகுப்பில் பலருக்கு அது தொற்றியிருக்கும். விலக்கல் மட்டும் இங்குப் போதாது. 9 முதல் 12 மாதத்திலும், 16 முதல் 24 மாதத்திலும் அளிக்கப்படும் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி 100-க்கு 95 குழந்தைகளையேனும் அடைதல் வேண்டும். பள்ளிச் சேர்க்கையின்போதே தடுப்பூசி அட்டையைப் பார்வையிட்டு, விடுபட்ட குழந்தையைச் சேர்த்துக்கொண்டு, சுகாதாரத் துணை மையத்திற்கு அனுப்பலாம்.

இரண்டாவதாக, நோய்வாரியாக நாட்களைக் குறிக்கும் பட்டியல் ஒன்று இந்தி, வங்காளம், தமிழ், தெலுங்கு முதலிய மொழிகளில் பள்ளிச் சுவரில் இருத்தல் நலம். மூன்றாவதாக, அந்நாட்கள் வருகைக் குறைவாகக் கருதப்படாமலிருக்கவும், மதிய உணவுக்கு ஈடான தானியமும் பாடக் குறிப்புகளும் வீடு சேரவும் வழி காண வேண்டும்.

விலக்கலின் சுமையைச் சமுதாயம் பகிர்ந்துகொள்ளும் இடத்தில், பெற்றோர் நோயை மறைக்க வேண்டிய தேவை குறையும். மறைக்கப்படாத நோயைத்தான் தடுத்து நிறுத்த இயலும்.