பழைய கேம் பெட்டியில் கம்ப்யூட்டர்

கேள்வி: ஆர்கேட் கேம் பெட்டியின் பழைய மானிட்டரிலேயே கம்ப்யூட்டரை இணைக்கலாமா?

பதில்: இணைக்கலாம். ஆனால் கேபிளை நேராகச் செருகிவிடாதீர்கள். விஜிஏ வெளியீடு நொடிக்குச் சுமார் 31,500 கோடுகள் வரைகிறது. 1980களின் ஆர்கேட் மானிட்டர்கள் பெரும்பாலானவை சுமார் 15,700 கோடுகளுக்கே செய்யப்பட்டவை. மீறினால் படம் கோணல்மாணலாக ஓடும், சர்க்யூட்டும் போகலாம். பழைய ரேடியான் கிராபிக்ஸ் கார்டில், கோடுகளை 15,700 அளவுக்குக் குறைத்துத் தரும் சிஆர்டி எமுடிரைவர் மென்பொருளைப் போடுவதே என் சிபாரிசு. அப்போதும் கம்ப்யூட்டர் ‘பூட்’ ஆகும்போது 31,500தான் வரும். விண்டோஸ் வந்த பிறகே மானிட்டரை ஆன் செய்யுங்கள். கம்ப்யூட்டர் தரும் வண்ண சிக்னலோ 0.7 வோல்ட்தான், ஆர்கேட் மானிட்டருக்கு அது போதாது; படம் மங்கலாக, ஏதோ புகைக்குள் பார்ப்பதுபோல் இருக்கும். பெட்டியில் ஜாமா (ஆர்கேட் பெட்டிகளுக்கான பொது ஒயரிங் முறை) இணைப்பு இருந்தால் ஜே-பேக் போர்டு அதைச் சரிசெய்யும். பெட்டிக்குள், மானிட்டரை மெயின் மின்சாரத்திலிருந்து பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றவே கூடாது. இன்னொன்று: ஸ்விட்சை அணைத்த பிறகும் பிக்சர் டியூபில் பல ஆயிரம் வோல்ட் தேங்கி நிற்கும். பின்புறத்தில் கைவைப்பதை டிவி மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.