மேசைக்கு மாற்றாக வந்த மடிக்கணினி: அதன் ஏற்றமும் இறக்கமும்

கணினிகளை இருவகையாகப் பிரித்துக் கூறுவது வழக்கம். மேசைமீது நிலையாக இருப்பது ஒன்று. கையில் எடுத்துச் செல்லத்தக்க மடிக்கணினி மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது இனம் ஒன்று ஏறத்தாழ இருபது ஆண்டுக்காலம் செழித்திருந்தது. மேசைக் கணினியின் வலிமையையும், அதனைப்போலவே உறுப்புகளைக் கழற்றி மாற்றும் வசதியையும், மூடித் தூக்கிச் செல்லத்தக்க ஒரே பெட்டிக்குள் அடக்கிய யந்திரம் அது. ‘டெஸ்க்டாப் ரீப்ளேஸ்மென்ட்’ என்று வணிகர்கள் அதற்குப் பெயரிட்டனர். இக்கட்டுரையில் அதனை ‘மேசை மாற்றுக் கணினி’ என்று குறிப்பிடுவோம்.

இன்று அவ்வினம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. அது மறைந்த காரணங்களை ஆராய்வது நமக்குப் பயன் தரும். பள்ளிகளுக்கும் கள அலுவலகங்களுக்கும் பொதுப் பணத்தில் வாங்கப்படும் கணினி எத்தனை ஆண்டு உழைக்கும் என்பது, அதன் உறுப்புகளில் எவற்றை மாற்ற முடியும் என்பதைப் பெரிதும் பொறுத்தது. மாற்ற முடியாமற் போனவற்றுள் எது இயற்கை விதியின் கட்டாயத்தால் நேர்ந்தது, எது உற்பத்தியாளரின் சௌகரியத்தால் நேர்ந்தது என்று பிரித்தறிவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

தோற்றமும் வளர்ச்சியும்

எடுத்துச் செல்லத்தக்க கணினி தொடக்கத்தில் பளுவான பெட்டியாகவே இருந்தது. 1981-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆஸ்போர்ன் 1 என்பதன் எடை ஏறத்தாழ 11 கிலோ. அதன் திரையோ 5 அங்குலமே. 1983-இல் விற்பனைக்கு வந்த காம்பாக் போர்ட்டபிள் ஏறத்தாழ 13 கிலோ எடையுள்ளது. அதில் பாட்டரி கிடையாது; மின்சாரம் உள்ள இடத்தில் மட்டுமே இயங்கும். ஆகவே ‘தூக்கலாம், ஆனால் மின்சாரம் வேண்டும்’ என்ற நிபந்தனை இவ்வினத்தோடு கூடவே பிறந்தது எனலாம்.

2000-க்குப் பின்வந்த ஆண்டுகளில், மேசைக் கணினிக்கென்றே செய்யப்பட்ட பென்டியம் 4 செயலிகளைச் சில நிறுவனங்கள் மடிக்கணினியில் பொருத்தி விற்றன. தைவான் நாட்டின் க்ளெவோ நிறுவனம் இத்துறையில் பெயர் பெற்றது. 2012-13 காலத்தில் விற்பனையில் இருந்த அதன் யந்திரம் ஒன்றில், 130 வாட் வகுப்பைச் சேர்ந்த ஆறு கருக்கள் கொண்ட மேசைச் செயலியும், இரண்டு வரைகலை அட்டைகளும், நினைவகத்துக்கு நான்கு பொருத்துவாய்களும் இடம்பெற்றன. அதன் எடை 5 கிலோவை ஒட்டியது.

இத்தகைய பளுவான பொருளை விரும்பியோர் பலர். படப்பிடிப்புத் தலத்திலேயே காட்சிகளைத் தொகுக்க வேண்டிய திரைப்படத் தொழிலாளர், நில அளவைத் தரவுகளைக் களத்திலேயே கணக்கிட வேண்டிய பொறியாளர், விடுதி அறையில் இடமின்றி வாழும் மாணவர், கணினி விளையாட்டில் ஈடுபாடுடையோர் ஆகியோர் இதனை நாடினர். நாளெல்லாம் மடியில் வைத்துப் பணிபுரிவது அவர்களுடைய தேவையன்று. மாதம் ஒருமுறையோ இருமுறையோ ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு முழு வலிமையையும் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது, அவ்வளவே.

உறுப்புகளை மாற்றும் வசதி

இவ்வினத்தின் பெருங்கவர்ச்சி உறுப்புகளை மாற்றும் வசதியாகும். அடிமூடியின் திருகாணிகளைக் கழற்றினால் நினைவகம், சேமிப்பகம், பாட்டரி, செயலி, வரைகலை அட்டை ஆகிய அனைத்தும் கைக்கு எட்டும். வரைகலை அட்டைக்கு எம்.எக்ஸ்.எம். என்னும் பொது வடிவத்தை என்விடியா நிறுவனம் 2004-இல் அறிமுகப்படுத்தியது. ஓர் ஆலை செய்த மடிக்கணினியில், பிற்காலத்தில் வேறோர் அட்டையைச் செருகலாம் என்ற எதிர்பார்ப்பு அதனால் வலுப்பெற்றது. நான்கு கிகாபைட் நினைவகத்துடன் வாங்கிய கணினியை எட்டாக உயர்த்தி, சுழலும் வட்டுக்குப் பதிலாகத் திடநிலைச் சேமிப்பகத்தைப் பொருத்தி, மேலும் சில ஆண்டுகள் நன்கு உழைக்கச் செய்தோர் பலராவர்.

உஷ்ணத்தின் கணக்கு

இத்துணைச் சிறப்புடைய இனம் ஏன் தளர்ந்தது? முதற்காரணம் உஷ்ணம். செயலியில் செலவாகும் மின்திறன் அதன் துடிப்பு வேகத்துக்கும், மின்னழுத்தத்தின் இருமடிக்கும் நேர்விகிதத்தில் அமையும். வேகத்தை உயர்த்த வேண்டுமாயின் பொதுவாக மின்னழுத்தத்தையும் உயர்த்த வேண்டும். இரண்டும் ஒரே விகிதத்தில் உயர்வதாகக் கொண்டால், செலவாகும் திறன் வேகத்தின் மும்மடியாக வளரும். வேகத்தை 20 விழுக்காடு கூட்டினால் 1.2-இன் மும்மடி, அதாவது ஏறத்தாழ 1.73 மடங்கு திறன் செலவாகும். இது தோராயக் கணக்கே; எனினும் போக்கு இதுவே.

இதனையே திருப்பிப் பார்த்தால் மற்றோர் உண்மை புலப்படும். வேகத்தை 20 விழுக்காடு குறைத்தால் 0.8-இன் மும்மடி, அதாவது ஏறத்தாழப் பாதித் திறனே போதும். வலிமையில் ஐந்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால் உஷ்ணத்தில் பாதி நீங்குகிறது. மெல்லிய மடிக்கணினிகள் வெற்றி பெற்ற இரகசியம் இதில் அடங்கியிருக்கிறது. 2011-இல் இன்டெல் நிறுவனம் ‘அல்ட்ராபுக்’ என்ற பெயரில் மெல்லிய யந்திரங்களை ஊக்குவித்தது. 2017-இல் என்விடியா ‘மேக்ஸ்-க்யூ’ என்ற பெயரில் வரைகலைச் செயலிகளைக் குறைந்த திறனில் இயக்கும் முறையை வெளியிட்டது. இரண்டும் மேற்கூறிய கணக்கையே பயன்படுத்திக் கொண்டன.

பாட்டரியின் கணக்கு

இரண்டாவது காரணம் பாட்டரி. விமானப் பயணத்தில் முன் அனுமதியின்றிக் கொண்டுசெல்லத்தக்க லித்தியம்-அயனி பாட்டரியின் அளவு 100 வாட்-மணி. ஆகவே பெரிய மடிக்கணினிகளிலும் பாட்டரி பெரும்பாலும் இவ்வெல்லைக்குள்ளேயே அமைகிறது. 240 வாட் செலவழிக்கும் யந்திரத்துக்கு 96 வாட்-மணி பாட்டரி எவ்வளவு நேரம் வரும்? 96-ஐ 240-ஆல் வகுத்தால் 0.4 மணி, அதாவது 24 நிமிடம். எழுத்துப் பணியின்போது 8 வாட் மட்டுமே செலவழிக்கும் மெல்லிய யந்திரத்துக்கு அதே பாட்டரி 12 மணி நேரம் வரும். மின்தடை மிகுந்த ஊரில் பணிபுரியும் கள ஊழியருக்கு இவ்வேறுபாடு எத்தகையது என்பதை விளக்க வேண்டுவதில்லை.

வாக்குறுதியின் எல்லை

மூன்றாவது காரணம் பலர் மறந்துவிடுவது. உறுப்புகளை மாற்றலாம் என்ற வாக்குறுதி நடைமுறையில் முழுமையாக நிறைவேறவில்லை. இன்டெல் நிறுவனத்தின் ஆறாம், ஏழாம் தலைமுறை மேசைச் செயலிகள் ஒரே பொருத்துவாயில் அமர்ந்தன. 2017 அக்டோபரில் வந்த எட்டாம் தலைமுறைச் செயலியும் அளவில் அதே பொருத்துவாய்க்கு உரியதே. ஆயினும் பழைய தாய்ப்பலகையில் அது இயங்குவதற்கு அந்நிறுவனம் ஆதரவளிக்கவில்லை. எம்.எக்ஸ்.எம். அட்டைகளோ விலை மிகுந்தவை. ஒவ்வோர் ஆலையும் உஷ்ணத்தை வெளியேற்றும் செப்புத் தகட்டை வெவ்வேறு வடிவில் செய்தமையால், பெயரளவில் பொதுவான அட்டை பல யந்திரங்களில் சரிவரப் பொருந்தவில்லை.

2019-இல் டெல் நிறுவனம் ஏலியன்வேர் ஏரியா-51எம் என்ற யந்திரத்தை வெளியிட்டது. மேசைச் செயலியும் தனியே கழற்றத்தக்க வரைகலை அட்டையும் கொண்ட அதன் எடை ஏறத்தாழ 4 கிலோ. ஆனால் அவ்வட்டை அந்நிறுவனத்துக்கே உரிய தனி வடிவினது. அடுத்த ஆண்டு வந்த மேம்பட்ட அட்டைகள் இரண்டாம் பதிப்புக்கு உரியனவாயின. முதற்பதிப்பை வாங்கியோருக்கு அவை வழங்கப்படவில்லை. இது குறித்து 2021-இல் அமெரிக்காவில் வழக்கும் தொடரப்பட்டது. கழற்ற முடிதல் வேறு. கழற்றிய இடத்தில் வைப்பதற்கு உறுப்பு கிடைத்தல் வேறு. இவ்வேறுபாட்டை ஆசிரியர்கள் மாணவர்களுக்குத் தெளிவாக எடுத்துரைத்தல் நலம்.

பற்றாசு வைத்த உறுப்புகள்

2012-இல் ஆப்பிள் நிறுவனம் தன் 17 அங்குல மடிக்கணினியை நிறுத்தி, நினைவகத்தைத் தாய்ப்பலகையில் பற்றாசு வைத்து நிலைப்படுத்திய மெல்லிய மேக்புக் ப்ரோ ஒன்றை வெளியிட்டது. இன்டெல் நிறுவனம் 2013-இல் வெளியிட்ட மடிக்கணினிச் செயலிகளில் கழற்றத்தக்க வகையும் இருந்தது. அடுத்த தலைமுறை முதல் அவ்வகை நின்று, பற்றாசு வைப்பதற்குரியவையே வந்தன. எஞ்சியது மேசைச் செயலியைப் பொருத்தும் மரபு மட்டுமே. க்ளெவோ நிறுவனம் 2020, 2021-இல் வெளியிட்ட எக்ஸ்170 வரிசை அம்மரபின் கடைசிச் சின்னங்களுள் ஒன்று. 2022-இல் இன்டெல் ‘எச்எக்ஸ்’ என்ற வரிசையை வெளியிட்டது. மேசைச் செயலிக்குரிய சில்லையே பற்றாசு வைக்கத்தக்க உறையில் இட்டு, 157 வாட் வரை செலவழிக்கும் செயலியாக அது வழங்கப்பட்டது. வலிமை மடிக்கணினியிலேயே தங்கிவிட்டது. மாற்றும் வசதி மட்டும் நீங்கிவிட்டது.

கட்டாயம் எது, சௌகரியம் எது?

இப்பொழுது பிரித்துப் பார்ப்போம்.

வரைகலைச் செயலிக்கும் முதன்மைச் செயலிக்கும் பற்றாசு வைப்பதில் ஓரளவு நியாயம் உண்டு. பொருத்துவாய் சில மில்லிமீட்டர் உயரத்தை விழுங்குகிறது. உஷ்ணத்தை வெளியேற்றும் அமைப்பும் ஒவ்வொரு சில்லுக்கும் தனியே வகுக்கப்படுகிறது.

நினைவகம் இடைநிலையில் நிற்கிறது. செருகி மாற்றத்தக்க இன்றைய நினைவகத் தகடு வழக்கமாக வினாடிக்கு 560 கோடி தடவை தரவை மாற்றுகிறது. குறைந்த மின்னழுத்தத்தில் இயங்கும் பற்றாசு வகை 750 கோடி தடவைக்கும் மேற்பட்டு மாற்றுகிறது. இத்துணை வேகத்தில் கம்பித்தடம் நீண்டால் குறிப்பலை சிதையும். ஆகவே நினைவகத்தைச் செயலிக்கு அருகில் பதித்தது வெறும் வணிகத் தந்திரமென்று கூறிவிட முடியாது. எனினும் அத்தடை நிரந்தரமானதன்று. டெல் நிறுவனம் 2022-இல் தன் கணினிகளில் புகுத்திய புதிய தட்டை வடிவத்தை அடிப்படையாகக் கொண்டு, ஜெடெக் என்னும் தரநிர்ணயச் சங்கம் 2023 டிசம்பரில் பொதுத்தரம் ஒன்றை வெளியிட்டது. குறைந்த மின்னழுத்த நினைவகத்தையே திருகாணியால் பொருத்தும் இவ்வமைப்பு 2024-இல் லெனோவோவின் திங்க்பேட் பி1 யந்திரத்தில் விற்பனைக்கு வந்தது.

சேமிப்பகத்துக்கும் பாட்டரிக்கும் இத்தகைய நியாயம் கூறுவது கடினம். திருகாணி ஒன்றினால் நிற்கும் சிறு சேமிப்பகத் தகடுகள் மெல்லிய யந்திரங்களிலும் இடம்பெற்று மிகுந்த வேகத்தில் இயங்குகின்றன. லித்தியம்-அயனி பாட்டரி சில நூறு முறை மின்னேற்றப்பட்டபின் கொள்ளளவு குறைவது அதன் இயல்பு. அங்ஙனம் தேயும் உறுப்பைப் பசையிட்டு ஒட்டுவது யந்திரத்தின் ஆயுளையே அதனோடு கட்டிவிடுவதாகும். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய பாட்டரி ஒழுங்குமுறை, 2027 பிப்ரவரி 18 முதல் கையடக்கச் சாதனங்களின் பாட்டரியை, சில விலக்குகள் நீங்கலாக, உபயோகிப்போரே கழற்றத்தக்கதாய் அமைக்க வேண்டுமென விதிக்கிறது.

மீண்டும் துளிர்க்கும் முயற்சி

அமெரிக்காவின் ஃபிரேம்வொர்க் நிறுவனம் 2021-இல் வெளியிட்ட மடிக்கணினியில் தாய்ப்பலகை உட்பட ஒவ்வோர் உறுப்பையும் உரியவரே மாற்றலாம். அதன் 16 அங்குல யந்திரம் 2024-இல் வந்தது. அதே யந்திரத்தில் பொருந்தும் புதிய வரைகலைத் தொகுதியை 2025-இல் அந்நிறுவனம் அறிவித்தது. பளுவான பெட்டியின்றியே மாற்றும் வசதியைக் காக்க முடியும் என்பதற்கு இது சான்று.

நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்து, பயன்பாடு முடிந்த சாதனங்களின் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்தின. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளம் ஒன்றை 2022 டிசம்பர் 24 அன்று தொடங்கியது. ஆயினும் விதிகள் செயற்படுவதற்கு முன், வாங்கும் வேளையிலேயே கேட்கப்படும் கேள்வி மிகுந்த பயன் தரும்.

வாங்குவோர் கேட்க வேண்டியவை

1. நினைவகம் செருகத்தக்கதா, பதிக்கப்பட்டதா? பதிக்கப்பட்டதாயின் இன்றைய தேவைக்கு மட்டுமின்றி, யந்திரத்தின் ஆயுட்காலம் முழுமைக்கும் போதுமான அளவைத் தொடக்கத்திலேயே வாங்குதல் வேண்டும்.
2. சேமிப்பகத்தைத் தனியே கழற்ற முடியுமா? முடியுமாயின் யந்திரம் பழுதுற்றாலும் பதிவுகளை மீட்க வழியுண்டு.
3. பாட்டரி திருகாணியால் நிற்கிறதா, பசையால் நிற்கிறதா?
4. உதிரி உறுப்புகள் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்பதை விற்போர் எழுத்தில் தருவாரா?
5. பழுதுபார்க்கும் கையேடு எல்லோருக்கும் கிடைக்கிறதா?

வகுப்பில் செய்யத்தக்க கணக்கு

50,000 ரூபாய் விலையுள்ள, உறுப்பு மாற்ற இயலாத யந்திரம் ஒன்று 4 ஆண்டு உழைப்பதாகக் கொள்வோம். 60,000 ரூபாய் விலையுள்ள மற்றொன்றுக்கு நான்காம் ஆண்டில் 8,000 ரூபாய் செலவில் நினைவகமும் பாட்டரியும் மாற்றினால் 8 ஆண்டு உழைப்பதாகக் கொள்வோம். முதலாவதன் ஆண்டுச் செலவு 12,500 ரூபாய். இரண்டாவதன் ஆண்டுச் செலவு 8,500 ரூபாய். தங்கள் பள்ளியிலோ அலுவலகத்திலோ உள்ள கணினிகளின் உண்மை விலையையும் உழைத்த ஆண்டுகளையும் கொண்டு மாணவர்கள் இக்கணக்கைத் திரும்பச் செய்து பார்க்கலாம்.

மேசை மாற்றுக் கணினி அதன் பழைய வடிவில் மீண்டும் வருமென்று எதிர்பார்ப்பதற்கில்லை. உஷ்ணமும் பாட்டரியும் அதற்கு இடங்கொடா. ஆனால் தேய்ந்த உறுப்பை மாற்றி யந்திரத்தைக் காப்பது அவ்வினத்தோடு அழிந்துபோக வேண்டிய கொள்கையன்று. அதனைக் காப்பது வாங்குவோர் கையிலும் இருக்கிறது.