முத்திரை ஓலையும் கள்ள ஓலையும்

சைதாப்பேட்டையிலிருந்து அடையாற்றுப் பாலத்தைக் கடந்து தெற்கே செல்வோர் கிண்டியில் கிங் நோய்த்தடுப்பு ஆராய்ச்சி நிலையத்தைக் காணலாம். 1899-ஆம் ஆண்டில் பெரியம்மைக்குரிய அம்மைப்பால் ஆக்கும் இடமாகத் தொடங்கப்பெற்ற இந்நிலையம், சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராய் விளங்கிய டபிள்யூ. ஜி. கிங் என்பாரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

ஒரு குழந்தையின் காலோ கையோ திடீரெனத் தளர்ந்துவிடின், அஃது இளம்பிள்ளை வாதமோ என்று அறிதல் வேண்டும். இத்தகைய சோதனை நடைபெறும் இடங்களுள் இந்நிலையமும் ஒன்று. குழந்தையின் மலம் இரு முறை எடுக்கப்பெற்று, குளிர்பெட்டியில் சோதனைச்சாலைக்கு வந்து சேர்கின்றது. அதிலிருந்து பிரித்தெடுத்த நீரை, உயிரணுக்கள் வளரும் குழாய்களில் இட்டு நாள்தோறும் நுண்பெருக்கியால் நோக்குவர். நச்சுயிர் இருக்குமாயின், குழாயின் சுவரில் பரந்து ஒட்டியிருந்த அணுக்கள் உருண்டு திரண்டு, சுவரை விட்டு நீங்கி மடியும். இஃது எவ்வாறு நிகழ்கின்றது?

உயிரணுவை ஓர் அரசாகக் கொள்வோம். நடுவிலுள்ள உட்கரு அரண்மனை. புரதங்களை ஆக்கும் ரைபோசோம்கள் தொழிற்கூடங்கள். எப்புரதத்தை ஆக்குக என்னும் ஆணை, ஆர்.என்.ஏ. என்னும் ஓலையில் அரண்மனையினின்று வரும். ஓலையின் தலைப்பில் ஒரு முத்திரை உண்டு. முத்திரை கண்டு ஓலையைத் தொழிற்கூடத்தில் சேர்ப்பிக்கும் அலுவலரும் ஒரு புரதமே. அறிஞர் அதற்கு இ.ஐ.எப். 4ஜி என்று பெயரிட்டுள்ளனர்.

இளம்பிள்ளை வாத நச்சுயிரோ ஏறத்தாழ 7,500 எழுத்துக்கள் கொண்ட ஒரு சிறிய ஓலையே. மனித அணுவின் மேற்புறத்தேயுள்ள ஒரு புரதத்தைப் பற்றிக்கொண்டு அஃது உள்ளே நுழைகின்றது. அப்புரதம் எலியின் அணுவில் இல்லாமையால், எலியணுவை இந்நச்சுயிர் தாக்குவதில்லை. அம்மனிதப் புரதத்தை ஆக்கும் திறனை எலியணுவிற்கு அளித்துவிட்டாலோ அதுவும் தாக்குண்ணும். இவ்வுண்மையையே சோதனைச்சாலையினர் இந்நச்சுயிரை இனங்காணப் பயன்கொள்கின்றனர்.

உள்ளே புகுந்த ஓலைக்கு முத்திரை இல்லை. எனினும், தன் மடிப்பமைப்பின் துணையால் அது தொழிற்கூடத்திற் புகுந்துவிடுகின்றது. அங்கே ஒரே நீண்ட புரதம் உருவாகி, தன்னைத்தானே பல துண்டுகளாக வெட்டிக்கொள்கின்றது. அவற்றுள் 2ஏ என்னும் துண்டு ஒரு கத்தரிக்கோல் அன்னது. அது முற்கூறிய அலுவலரை இரு கூறாக வெட்டிவிடுகின்றது. முத்திரையை அறியும் பகுதி ஒருபுறம் போக, எஞ்சிய பகுதி முத்திரையற்ற ஓலைக்கே ஏவல் செய்கின்றது! அரண்மனை ஓலைகள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. சில மணி நேரத்திற்குள் அணு தனக்கென ஆக்கும் புரதம் பெரிதும் நின்றுவிட, ஆயிரக்கணக்கான புதிய நச்சுயிர்கள் வெளிப்படுகின்றன.

தொற்றுற்றோர் ஏறத்தாழ 200 பேருள் ஒருவருக்கே முடக்கம் நேர்கின்றது. அவ்வொருவரிடத்தே அழிவன தண்டுவடத்தில் உள்ள, தசைகளை இயக்கும் நரம்பணுக்கள். தோலில் பட்ட காயம் ஆறும். அழிந்த அந்நரம்பணு மீண்டும் முளைப்பதில்லை. ஆதலின் சில நாளில் நேர்ந்த கேடு வாழ்நாள் முழுதும் நீடிக்கின்றது.

வெட்டுண்ட புரதத்தை ஒட்டவைக்கும் மருந்து இல்லை. பகைவன் நரம்பை அடையுமுன் தடுத்தலே வழி. தடுப்பு மருந்து பெற்ற உடலில் தோன்றும் எதிர்ப்புரதங்கள் நச்சுயிரைச் சூழ்ந்துகொண்டு, அணுவைப் பற்றவொட்டாமல் தடுக்கின்றன. 1955-இல் சால்க் என்பாரின் தடுப்பூசி வழக்கிற்கு வந்தது. பின்னர்ச் சேபின் என்பாரின் சொட்டு மருந்து வந்தது. 1995 முதல் நம் நாடெங்கும் குழந்தைகளுக்கு ஒரே நாளில் சொட்டு மருந்து அளிக்கும் பெருமுயற்சி நடைபெற்றது. இந்தியாவில் இயற்கை நச்சுயிரால் முடங்கிய இறுதிக் குழந்தை 2011 சனவரி 13-இல் கண்டறியப்பட்டது. 2014 மார்ச்சு 27-இல் நம் நாடு இந்நோய் நீங்கிய நாடெனச் சான்று பெற்றது.

எனினும், உலகின் எல்லா நாடுகளினின்றும் அந்நோய் அகலவில்லை. எனவே குளிர்பெட்டிகள் இன்றும் சோதனைச்சாலைக்கு வருகின்றன. குழாய்கள் நாள்தோறும் நோக்கப்பெறுகின்றன. அணுக்கள் உருளாது பரந்து நிற்பதைக் காணுந்தோறும் ஆய்வாளர் உள்ளம் மகிழ்கின்றது. மாணவர்களே! வருமுன் காத்தல் என்பது இவ்விழிப்பேயாகும்.