கூரையை வெட்டுவதற்கு முன்

அன்பு மருமகனே,

நீ அனுப்பிய படங்களை எல்லாம் நிதானமாகப் பார்த்தேன். கூரை தாழ்ந்து, சக்கரங்கள் அகன்று, தரையோடு படுத்துக் கிடக்கும் அமெரிக்கக் கார்கள். பெரியப்பா வீட்டில் சும்மா நிற்கிற மாருதி 800-ஐ அப்படி ஆக்க வேண்டும், கூரையை எடுத்துவிட்டுத் திறந்த காராகச் செய்ய வேண்டும், கிரைண்டரும் கட்டிங் வீலும் தயாராக இருக்கின்றன, ஆரம்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாக ஆரம்பிக்கலாம். ஆனால் இந்தக் கடிதத்தை முழுதும் படித்து முடிக்கும்வரை கிரைண்டரைத் தொடாதே.

உன் படங்களில் இரண்டு 1932-ஆம் வருட ஃபோர்டு. அந்த வருடம்தான் ஹென்றி ஃபோர்டு எட்டு சிலிண்டர் இன்ஜினைச் சாமானியர் வாங்கும் விலையில் கொண்டுவந்தார். 65 குதிரைசக்தி. சில வருடம் கழித்து அந்தக் கார்கள் பழைய விலைக்கு வந்தபோது, தெற்குக் கலிஃபோர்னியாவில் உன் வயதுப் பையன்கள் அவற்றை வாங்கி, மியூராக் என்ற வறண்ட ஏரிப்படுகையில் ஓட்டி வேகம் அளந்தார்கள். 1937-இல் அதற்கென்றே ஒரு சங்கம் வந்தது. 1948 ஜனவரியில் ‘ஹாட் ராட்’ பத்திரிகையும் வந்தது. அந்தப் பையன்கள் முதல் வேலையாக வண்டியில் இருந்ததைக் கழற்றினார்கள். மட்கார்டு போனது, பம்பர் போனது, ஓட்டத்துக்குத் தேவைப்படாத எடை எல்லாம் போனது. சிலர் கூரைத் தூண்களையே சில அங்குலம் அறுத்து, கூரையை இறக்கி வைத்து வெல்டு வைத்தார்கள்.

அவர்களால் அது முடிந்ததற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் கார்களின் அடியில் இரண்டு நீளமான இரும்புச் சட்டங்களும் குறுக்குச் சட்டங்களும் கொண்ட தனிச் சேஸிஸ் உண்டு. நம் லாரிகளுக்கு இன்றும் அப்படித்தான். இன்ஜின், ஸ்பிரிங், ஸ்டீயரிங் எல்லாம் அதில்தான் பிடித்திருக்கும். பாடியை அதன்மேல் வைத்து போல்ட் போட்டிருப்பார்கள். கூரையை அறுத்தாலும் பாரம் தாங்குகிற இரும்பு அப்படியே இருக்கும்.

மாருதி 800-க்கு அந்தச் சட்டமே கிடையாது. மெல்லிய தகடுகளை மடித்து, ஸ்பாட் வெல்டு வைத்து இணைத்த பெட்டி அது. தரை, கதவுக்குக் கீழே ஓடும் பாக்ஸ், தூண்கள், முன் கண்ணாடியைச் சுற்றிய சட்டகம், கூரை எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுதான் வண்டி முறுக்காமல் நிற்கிறது. மூடி ஒட்டிய ஒரு அட்டைப் பெட்டியை இரண்டு கையாலும் முறுக்கிப் பார். பிறகு மூடியைக் கிழித்துவிட்டு முறுக்கிப் பார். கூரையை எடுத்த மாருதி அந்த இரண்டாவது பெட்டிதான். வண்டி நடுவில் தொய்யும், திறந்த கதவு மூடாது, மேட்டில் ஏறும்போது முன் கண்ணாடி விரிசல் விடும். கண்ணுக்குத் தெரிகிற கோளாறு இவ்வளவுதான். வளைவில் திரும்பும்போது முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தளத்தில் நிற்பதை நீ ஸ்டீயரிங்கில்தான் உணர்வாய்.

இதை நீயே அளந்து பார்க்கலாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்து. நான்கு கதவுகளையும் மூடி, ஒவ்வொரு கதவின் பின் ஓரத்துக்கும் தூணுக்கும் உள்ள இடைவெளியை மேலேயும் கீழேயும் ஃபீலர் கேஜால் அளந்து எழுதிக்கொள். அடுத்து முன்பக்கம் ஒரே ஒரு மூலையை, சக்கரம் தரையை விடுகிற வரை ஜாக்கியில் தூக்கு. அதே இடங்களை மறுபடி அள. கம்பெனி கட்டிய பெட்டி எவ்வளவு முறுக்குகிறது என்பதற்கு இதுதான் உன் கணக்கு. இனி அந்த வண்டியில் எதை வெட்டினாலும், எதை ஒட்டினாலும், இதே சோதனையைச் செய். இடைவெளி முன்னைவிட அதிகமாக மாறினால், நீ வெட்டி எடுத்த பலத்தை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. வெட்டுவதற்கு முன்பே கதவு வாசல்களில் குறுக்காகப் பைப் வைத்து வெல்டு செய்துவிட வேண்டும். வெட்டிய பிறகு வைத்தால், ஏற்கெனவே தொய்ந்த நிலையிலேயே வண்டி உறைந்துவிடும்.

நான் உனக்குச் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். வண்டியில் எங்கே கை வைத்தாலும், ‘இந்த இடம் வழியாக எந்தப் பாரம் எங்கே போகிறது?’ என்று முதலில் கேள். கூரைக்கும் ஸ்பிரிங்குக்கும் வீலுக்கும் ஒரே கேள்விதான்.

அதனால் கூரையை வெட்டுவதை நான் விரும்பவில்லை. அந்த மாருதியிலிருந்து இன்ஜின், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங், பிரேக் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, சட்டத்தை நீயே பைப்பில் கட்டு. இது வீட்டில் நடக்கிற காரியம். 1948-இல் லண்டனில் காலின் சாப்மன் என்ற இளைஞர் பழைய ஆஸ்டின் செவன் ஒன்றை எடுத்து, வீட்டுக் கொட்டகையில் தன் முதல் காரைக் கட்டினார். லோட்டஸ் கம்பெனி அங்கிருந்துதான் பிறந்தது. 1957-இல் அவர் கொண்டுவந்த லோட்டஸ் செவன் காரைப் பாகம் பாகமாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொள்ள முடிந்தது. முழுக் காராக வாங்கினால் கட்ட வேண்டிய வரி அப்போது அதற்கு இல்லை. அதன் ஆரம்ப இன்ஜின் சுமார் 40 குதிரைசக்திதான். பெரியப்பாவின் 796 சிசி இன்ஜினும் கிட்டத்தட்ட அவ்வளவே தரும். ஆனாலும் அந்தக் கார் சீறியது, எடை அவ்வளவு குறைவு. பிறகு 1996-இல் ரான் சாம்பியன் என்ற ஆங்கிலேயர், 250 பவுண்டு செலவில் இதைப்போல ஒரு காரைக் கட்டுவது எப்படி என்று தலைப்பிலேயே விலையைப் போட்டு ஒரு புத்தகம் எழுதினார். பழைய ஃபோர்டு எஸ்கார்ட் ஒன்று, ஒரு அங்குலச் சதுரப் பைப், ஒரு வெல்டிங் மெஷின். பலர் அதைப் பார்த்துத் தங்கள் கொட்டகைகளில் கார் கட்டினார்கள்.

அந்தச் சட்டங்களில் கவனிக்க வேண்டியது முக்கோணங்கள். நான்கு பைப்பைச் சதுரமாக வெல்டு செய்து ஒரு மூலையைத் தள்ளினால் சாய்ந்து கொடுக்கும். குறுக்கே ஒரு பைப் போட்டால் அசையாது. இனி பைப் வளைய வேண்டியதில்லை, இழுபடவோ அமுங்கவோ மட்டும்தான் வேண்டும். பைப் அதற்குத்தான் நன்றாகத் தாங்கும். ஸ்பிரிங்கும் சஸ்பென்ஷன் கைகளும் பிடிக்கும் இடங்கள் பைப்புகள் கூடும் முனைகளில் வர வேண்டும். ஒரு பைப்பின் நடுவில் பிராக்கெட் வைத்து ஷாக் அப்சார்பரைத் தொங்கவிடாதே.

நம் ஊரிலும் இதற்கு முன்னோடி உண்டு. கோவையின் கரிவர்தன் மாருதி 800 இன்ஜினை ஓட்டுநரின் பின்னால் வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டினார். ஃபார்முலா மாருதி என்று பெயர். பந்தய ஓட்டுநர் நரேன் கார்த்திகேயன் ஆரம்ப நாட்களில் ஓட்டியது அதைத்தான். செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில் உள்ளது. மாருதியின் முன்பக்க இன்ஜின், கியர்பாக்ஸ், சக்கரங்களை மொத்தமாகப் பின்னால் கொண்டுபோய் வைத்தால் பின் சக்கர ஓட்டம் கிடைத்துவிடும். ஒரு எச்சரிக்கை: அவை திரும்பும் சக்கரங்கள். ஸ்டீயரிங் ராடு பிடித்த கைகளைச் சட்டத்தோடு அசையாமல் கட்டிவிடாவிட்டால் பின் சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும்.

பிரேக் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், உன் கடிதத்தில் அந்தச் சொல்லே இல்லை. 1,000 கிலோ வண்டி 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது ஏறத்தாழ 386 கிலோஜூல் வெப்பம் பிரேக்கில் இறங்குகிறது. 10 கிலோ இரும்பை 80 டிகிரிக்கு மேல் சூடேற்ற அது போதும். வேகம் 140 ஆனால் வெப்பம் 1.4 மடங்கு ஆவதில்லை, இரண்டு மடங்கு ஆகிறது. எனவே இன்ஜினில் கை வைப்பதற்கு முன் பிரேக்கை முடி. பெரிய வீல் மாட்ட ஆசைப்படுகிறாய். டயரின் விட்டம் கூடினால் அதே பிரேக் தரையில் தருகிற பிடி குறையும், அதுவும் நினைவிருக்கட்டும். வீல் ஸ்பேசர் போட்டால் பாரம் பேரிங்கிலிருந்து வெளியே தள்ளிப்போய் பேரிங் சீக்கிரம் போகும்.

வண்டியைத் தாழ்த்த ஸ்பிரிங்கை அறுப்பது ஊரெங்கும் நடக்கிறது. ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்தால் அது 20 சதவீதம் விறைப்பாகும். நீளமும் குறைந்துவிட்டதால், குழியில் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஸ்பிரிங் தான் உட்காரும் இடத்தை விட்டே நழுவலாம். அறுக்காதே. சரியான ஸ்பிரிங்கைத் தேடு. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் பொறுமையாக அலைந்தால் கிடைக்கும்.

வெல்டிங்கை நம் பட்டறையில் வந்து கற்றுக்கொள். சட்டத்தில் ஒரு பொட்டு வைக்கும் முன், அதே பைப்பின் துண்டுகள் இரண்டை ‘டி’ வடிவில் வெல்டு செய்து, வைஸில் பிடித்து, சுத்தியலால் அடித்துச் சாய். பைப் மடங்கி, வெல்டு அப்படியே நின்றால் தேறிவிட்டாய். வெல்டு பைப்பின் மேலிருந்து தோலாக உரிந்து, கீழே பளபளப்பான இரும்பு தெரிந்தால், மேலே பூசியிருக்கிறாயே தவிர உள்ளே இறங்கவில்லை. பத்து துண்டு ஒரே மாதிரி தேறிய பிறகு சட்டத்துக்குப் போ. அங்கேயும் முழுச் சட்டத்துக்கும் முதலில் சிறு பொட்டுகளாக டேக் அடித்து, மூலைவிட்டங்களை டேப்பில் அளந்து சமமாக இருப்பதைப் பார்த்த பிறகே முழு வெல்டு. இடம் மாறி மாறிப் போடு. ஒரே பக்கமாகப் போட்டால் வெப்பம் இழுத்துச் சட்டத்தைக் கோணலாக்கும்.

துத்தநாகம் பூசிய பைப்பை வெல்டு செய்யாதே, அந்தப் புகை காய்ச்சலில் தள்ளும். பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் வெல்டிங் கூடவே கூடாது, சில கிளீனர்களிலிருந்து நச்சு வாயு வரும். காலியான பெட்ரோல் டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது, உள்ளே ஆவி இருக்கும். அதைக் கழற்றி வீட்டை விட்டுத் தள்ளி வை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டாதே. உன் அம்மாவுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

இந்தக் கார் சாலையில் ஓடாது என்பதை இப்போதே மனதில் வாங்கிக்கொள். இங்கிலாந்தில் ஒருவர் கட்டிய காரைத் தனியாகப் பரிசோதித்து அனுமதிக்கும் முறை உண்டு. இங்கே மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் உண்டு, சிறைக்கும் இடமுண்டு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸை நம்பவும் முடியாது. அடுத்தவர் பிள்ளை நடக்கும் சாலையில் சோதிக்காத வண்டி ஓடக்கூடாது என்பது எனக்கும் சரியாகவே படுகிறது. மாருதியைப் பிரித்துவிட்டால் அதன் ஆர்சியை என்ன செய்வது என்று பெரியப்பாவோடு ஆர்டிஓ அலுவலகம் போய்க் கேள். கார் ஓட வேண்டிய இடம் டிராக். மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களோடு பங்கேற்கும் ஃபார்முலா பாரத் போட்டி செட்டிபாளையத்தில் நடந்திருக்கிறது. பாலிடெக்னிக் முடித்து இன்ஜினியரிங் சேரும்போது அந்தக் குழுவில் நுழையப் பார்.

முதல் செலவாக நான்கு நல்ல ஜாக்கி ஸ்டாண்ட், கண்ணுக்கும் முகத்துக்கும் ஷீல்டு, ஒரு தீயணைப்பான் வாங்கு. ஞாயிற்றுக்கிழமை கதவு இடைவெளிகளை அளந்து, ஜாக்கி ஏற்றும் முன்பும் பின்பும் உள்ள எண்களை எனக்கு அனுப்பு. சட்டத்தின் படத்தை அதற்குப் பிறகு சேர்ந்து உட்கார்ந்து வரையலாம்.

அன்புடன்,
மாமா