நூலகக் கொடை

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் வடகிழக்கே, தென்பெண்ணையாற்றின் தென்கரையில் அமைந்த பழம்பதி திருக்கோவலூர். அங்குள்ள வீரட்டானத் திருக்கோயிலின் சுவர்களில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் பல உள்ளன. அவற்றுள் சில, நந்தா விளக்குக்கு அளித்த கொடையைக் கூறுவன. நந்தா விளக்காவது இரவும் பகலும் அணையாது எரியும் விளக்கு. அத்தகைய விளக்கை எரிக்க விரும்பியவர், நெய்க்குடத்தைக் கோயிலில் இறக்கி வைத்துவிட்டுத் தம் கடமை தீர்ந்தது என்று வீடு திரும்பவில்லை. விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகளை விடுவதே சோழநாட்டில் பெருவழக்காய் இருந்தது. ஆடுகளை ஏற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய்யைக் கோயிலுக்கு அளந்து வந்தனர். மூத்த ஆடு இறந்தால் குட்டி அதன் இடத்தை நிரப்பும். தொகை மட்டும் குறையலாகாது. அது பற்றியே கல்வெட்டுகள் அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று குறித்தன. குடத்து நெய் சில நாளில் தீர்ந்துபோம். ஆட்டு மந்தையோ, கொடுத்தவர் மறைந்த பின்னரும் நெய் தரும்.

நூலகமும் ஒரு நந்தா விளக்கே. நூறு நூல்களை வாங்கிக் கொடுத்துச் சுவரில் தம் பெயரைப் பொறிக்கச் செய்தல் எளிது. அந்நூல்களைக் கறையான் அரிக்காமல் காக்க வேண்டும். கிழிந்தவற்றை மீண்டும் கட்ட வேண்டும். ஆண்டுதோறும் புதிய நூல்களைச் சேர்க்க வேண்டும். காலையில் கதவைத் திறந்து மாலையில் பூட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும். அவ்வாளுக்கு ஊதியம் வேண்டும். இவற்றுக்கெல்லாம் பொருள் எங்கிருந்து வரும் என்பதை எண்ணாத கொடை பாதிக் கொடையே ஆகும்.

இவ்வுண்மையை நன்கு உணர்ந்த செல்வர் ஆண்ட்ரூ கார்னகி. அவர் 1835-இல் ஸ்காட்லாந்து நாட்டில் ஒரு கைத்தறி நெசவாளரின் மகனாய்ப் பிறந்தார். இளமையிலேயே பெற்றோருடன் அமெரிக்கா சென்று, தந்தி கொண்டு செல்லும் சிறுவனாய்ப் பணிபுரிந்தார். அவ்வூரில் ஆண்டர்சன் என்னும் படைத்தலைவர், தம் வீட்டிலிருந்த ஏறத்தாழ 400 நூல்களைச் சனிக்கிழமைதோறும் உழைக்கும் சிறுவர்க்கு இரவல் கொடுத்து வந்தார். அந்நூல்களைப் படித்து வளர்ந்த கார்னகி, பின்னாளில் எஃகுத் தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டி, உலகின் பல பகுதிகளில் 2,509 நூலகங்கள் எழப் பொருள் வழங்கினார். ஆயினும் அவர் கேட்டவர்க்கெல்லாம் வாரி வழங்கினாரல்லர். நூலகம் வேண்டும் ஊர், மனையைத் தானே தருதல் வேண்டும். அன்றியும், அவர் அளிக்கும் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் தன் வரிப்பணத்திலிருந்து செலவிட உறுதி கூறுதல் வேண்டும். பதினாயிரம் டாலர் பெற்ற ஊர் ஆண்டுதோறும் ஆயிரம் டாலர் செலவிட வேண்டும் என்பது இதன் பொருள். இது கடுமையான நிபந்தனை என்று பின்வாங்கிய ஊர்கள் உண்டு. தொழிலாளர்க்கு உரிய கூலியைக் குறைத்தவர் நூலகம் கட்டுவதா என்று அவரைக் கடிந்தவர்களும் உண்டு. அக்கண்டனத்தைப் பொருளற்றது என்று தள்ளுதல் இயலாது. எனினும், நிபந்தனையைப் பொறுத்தமட்டில் அவர் செய்தது சரியே. அவர் கொடுத்தது விளக்கு. ஆட்டு மந்தையை ஊரார் கொடுத்தனர்.

தமிழ்நாட்டில் இவ்வகை முயற்சி வேறொரு கோலங்கொண்டு எழுந்தது. மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்னும் பொறியாளர் இருந்தார். நூலகத்தைத் தேடி நகரத்துக்கு வர இயலாத உழவர்பால் நூலகமே செல்லலாகாதோ என அவர் எண்ணினார். மாட்டு வண்டி ஒன்றை நூல் அடுக்குதற்கு ஏற்ற வகையில் அமைத்தார். 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் அவ்வண்டி ஊர்களை நோக்கிப் புறப்பட்டது. நெல் மூட்டைக்கும் எருவுக்கும் பழகிய மாடுகள் அன்று நூல்களை இழுத்துச் சென்ற காட்சியை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவ்விழாவைத் தொடங்கி வைத்தவர் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் சீர்காழி இராமாமிர்த அரங்கநாதன்.

அரங்கநாதன் 1892-இல் பிறந்தவர். கணக்கு ஆசிரியராய் இருந்த அவர், 1924-இல் பல்கலைக்கழக நூலகராய் அமர்ந்தார். இங்கிலாந்து சென்று அந்நாட்டு நூலகங்கள் நடைபெறும் முறையை நேரிற்கண்டு திரும்பினார். சென்னை நூலகச் சங்கம் 1928-இல் தோன்றியதற்கு அவரே முதற்காரணர். தனியார் ஒருவரின் நூல் வண்டியை மனமுவந்து வாழ்த்திய அவர், அதற்கு முந்திய ஆண்டிலேயே நூலகச் சட்டம் ஒன்றுக்கு வரைவு எழுதியிருந்தார். இதில் முரண்பாடு ஒன்றுமில்லை. ஒருவரின் வள்ளன்மை ஒரு வண்டியை ஓட்டும்; நாடு முழுவதும் வண்டி ஓட வேண்டுமாயின் நாட்டினர் அனைவரும் சிறிது சிறிதாகக் கொடுத்தல் வேண்டும் என்பதே அவர் கருத்து.

அக்கருத்து நிறைவேறப் பல ஆண்டுகள் ஆயின. அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராய் இருந்த காலத்தில், 1948-இல், சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறிற்று. 1950-இல் நடைமுறைக்கு வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்துறையில் எழுந்த முதற்சட்டம் இதுவே. வீட்டு வரியில் ரூபாய் ஒன்றுக்கு ஆறு பை, அஃதாவது அரையணா, நூலக வரியாக விதிக்கப்பட்டது. இக்காலத்தில் அது ரூபாய்க்குப் பத்துக் காசாக உள்ளது. சட்டம் வந்தபின் அரங்கநாதன் ஓய்ந்துவிடவில்லை. அரிதிற் சேர்த்த ஓர் இலட்சம் ரூபாயை 1950-களில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கினார். அத்தொகையைக் கொண்டு எழுந்தது நூலக இயலுக்குரிய ஒரு பேராசிரியர் பதவி; அது ‘சாரதா அரங்கநாதன்’ என அவர் மனைவியாரின் பெயர் தாங்கியது. நூலகரைப் பயிற்றும் ஆசிரியரே அவர் விட்ட ஆட்டு மந்தை.

இனி, இவ்வரி செயற்படும் விதத்தைக் கள்ளக்குறிச்சியை வைத்துக் காண்போம். நகரத்தில் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் வீட்டு வரி செலுத்தும் ஒருவர், நூறு ரூபாய் நூலக வரி செலுத்துகின்றார். மேற்கே, கல்வராயன் மலையில், நூறு ரூபாய் வரியுள்ள வீட்டினர் செலுத்துவது பத்து ரூபாய். பத்து ரூபாய்க்கு இன்று ஒரு நல்ல நூலும் கிடைப்பதில்லை. அந்தந்த ஊரின் வரியை அந்தந்த ஊரே செலவிட வேண்டும் என்று சட்டம் விதித்திருப்பின், சாமையும் தினையும் விளைவித்து, கடுக்காயும் தேனும் விற்று வாழும் மலைமக்களுக்கு நூலகம் கனவாகவே நின்றுவிடும். நல்வாய்ப்பாக, வரி முழுவதும் மாவட்ட நூலக ஆணைக்குழுவின் நிதியில் சேர்கின்றது; நகரத்துக் கடைவீதியின் பணம் மலைச்சிற்றூருக்கும் பயன்பட வழி பிறக்கின்றது.

வழி பிறந்தது எனினும் பயன் உடனே சென்று சேரவில்லை. சட்டம் நடைமுறைக்கு வந்தபோது கள்ளக்குறிச்சி தென்னார்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. கல்வராயன் மலையோ ஜாகீர்தார்களின் ஆட்சியில் இருந்தது. அவர்களிடமிருந்து அரசு மலையை ஏற்றது 1976-இல்தான். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-இல். இஃதன்றி, உள்ளாட்சிகள் மக்களிடம் தண்டிய நூலக வரி, ஆணைக்குழுவுக்கு உரிய காலத்தில் செலுத்தப்படாமல் நிலுவையாய் நிற்பதும் தமிழ்நாட்டில் நிகழ்ந்துள்ளது. நிலுவை என்றேனும் வந்து சேரலாம். ஆனால், அவ்வாண்டு பத்தாம் வகுப்பிற் பயின்ற மாணவி, தனக்குரிய நூலைக் காணாமலே பள்ளியை விட்டு நீங்கியிருப்பாள்.

ஆதலின் தனியார் கொடைக்கு இன்றும் இடம் உண்டு. பொது நூலகத்துக்கு ஆயிரம் ரூபாய் அளிப்பவரைப் புரவலராகச் சேர்த்துக்கொள்ளும் முறை தமிழ்நாட்டில் உள்ளது. வீட்டில் இடம் அடைக்கும் பழைய பாடநூல்களையும், ஒருவரும் புரட்டாத மலர்களையும் மூட்டை கட்டி அனுப்புவதினும் இது நூறு மடங்கு மேலானது. நூலகர், தம் ஊரார் எதனைக் கேட்கின்றனர் என்பதை அறிவார். கொடுப்பவர் பெரும்பாலும் அறியார்.

2022-இல் தமிழ்நாட்டில் நூலக நண்பர்கள் திட்டம் என ஒன்று தொடங்கப்பெற்றது. நூலகத்துக்கு வர இயலாத முதியோர்க்கும் பிறர்க்கும் தன்னார்வலர் நூல்களை வீடு தேடி எடுத்துச் செல்லுதலே இதன் நோக்கம். மேலவாசல் வண்டி சமவெளியில் சென்றது. கச்சிராயபாளையத்தைக் கடந்து வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் பேருந்து செல்லும். அதற்கப்பாலுள்ள சில குடியிருப்புகளுக்கு ஒற்றையடிப் பாதையே உளது. அங்கே நூலைச் சுமப்பவர் நடந்தே ஏறுதல் வேண்டும். படித்து முடித்த நூலைப் பெற்று வர மறு வாரமும் ஏறுதல் வேண்டும்.