மாடித் தோட்டத்துக்கு முதல் பாடம்: தண்ணி

ஜவ்வாது மலையில சாமையும் கேழ்வரகும் மழையை நம்பித்தான் விளையுது. மலைக்கு வடக்கே, பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர் என்று தோல் பதனிடும் ஊர்கள் இருக்கின்றன. அங்கே மாடியிலும் வீட்டைச் சுற்றியும் காய்கறி போட நினைக்கிறவங்க, விதைக்கு முன்னாடி தண்ணியைப் பார்க்கணும்.

காரணம் பழையது. தோலைப் பதப்படுத்த உப்பும் குரோமியமும் நிறைய செலவாகும். அந்தக் கழிவு ஆற்றிலும் நிலத்திலும் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தோல் ஆலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதென்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வை அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றும் சொன்னது.

தண்ணியை அளக்கும் முறை

டிடிஎஸ் மீட்டரைத் தண்ணியில் விட்டுப் பாருங்க. லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குள் இருந்தால் எந்தக் காய்க்கும் பயமில்லை. 450 முதல் 2,000 வரை பயிரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கணும். பீன்ஸ், கேரட், வெங்காயம் சீக்கிரம் வாடும். தட்டைப்பயறு, பீட்ரூட் ஓரளவு தாங்கும். 2,000-க்கு மேல் போனால் அந்தத் தண்ணி வேண்டாம்.

ஒன்றை மறக்காதீங்க: இந்த மீட்டர் உப்பைத்தான் காட்டும், குரோமியத்தைக் காட்டாது. சாதாரண மண் பரிசோதனைச் சீட்டிலும் அது வராது. கன உலோகம் பார்க்கணும்னு ஆய்வகத்தில் தனியாகக் கேட்கணும். பஞ்சகவ்யமும் தொழுவுரமும் மண்ணுக்கு உயிர் கொடுக்கும். ஆனால் தண்ணியில் உள்ள உப்பை எடுத்துவிடாது. கொதிக்க வைத்தாலும் உப்பு போகாது.

மழைத் தண்ணிக் கணக்கு

1,000 சதுர அடி மாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 930 லிட்டர் விழும். 20 பைக்கு ஒரு நாளைக்கு பைக்கு ஒன்றரை லிட்டர் வீதம் 30 லிட்டர் போதும்னு வைத்துக்கொண்டால், ஒரு நல்ல மழை ஒரு மாதத்துக்கு வரும். முதல் மழையில் மாடித் தூசி கழுவி வரும், அதை வெளியே விடுங்க. அப்புறம் வருவதை மூடிய தொட்டியில் பிடிங்க. மூடாவிட்டால் கொசு வரும்.

மண்ணும் பயிரும்

சந்தேகமான இடத்து மண்ணைப் பையில் போடாதீங்க. நல்ல தோட்டத்து மண், மட்கிய எரு, தென்னை நார்க் கழிவு மூன்றையும் கலந்துக்கலாம். நார்க் கழிவிலும் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை நல்ல தண்ணியில் ஊறவைத்துப் பிழிந்த பிறகு போடுங்க.

கெட்ட மண்ணில் கீரையும் கிழங்கும்தான் கன உலோகத்தை அதிகம் ஏற்றும். தக்காளி, வெண்டை, பீர்க்கை போன்ற காய்களில் பொதுவாகக் குறைவு. அதனால் மண்ணைப் பரிசோதிக்கும் வரை தரையில் கீரை விதைக்க வேண்டாம். பையில் நல்ல மண் போட்டு, மழைத் தண்ணி விட்டு வளர்த்துக்கலாம்.

இது நம்ம குடும்பத்துச் சோற்றைக் காப்பாற்றும் வழி. ஆற்றைக் காப்பாற்ற இது மட்டும் போதாது. தெருவில் பத்து வீட்டுக் கிணற்றுத் தண்ணியை அளந்து, தேதி போட்டு எழுதி வையுங்க. கிராம சபையிலும் நகராட்சியிலும் கேள்வி கேட்கும்போது அந்தக் கணக்கு கையில் இருக்கட்டும்.